எழுந்து போகும் பையனை உட்கார வைக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: நான் மழலையர் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் 22 பேர். அதில் ஒரு பையன் சொந்தமாக இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் பேசுவதில்லை. நாங்கள் சொன்ன வாக்கியங்களையே திருப்பிச் சொல்கிறான். காலையில் எல்லோரும் வட்டமாக உட்காரும் 25 நிமிடத்தில் ஐந்து நிமிடம்கூட அவன் தாங்குவதில்லை. எழுந்து அலமாரிக்குப் போய் மரக்கட்டைகளை நீளவாரியாக அடுக்க ஆரம்பித்துவிடுகிறான். அவனுக்கென்று பள்ளி ஓர் உதவியாளரைப் போட்டிருக்கிறது. அவர் மடியில் பிடித்து உட்கார வைத்தால் 'எல்லாரும் கை கழுவலாம் வாங்க' என்று கத்துகிறான். கைவேலைகளை அவர்தான் அவன் கையைப் பிடித்துச் செய்து முடிக்கிறார். மற்ற குழந்தைகள் 'அவனுக்கு வராது மிஸ்' என்கிறார்கள். சில பெற்றோர், இவனால் தங்கள் பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது என்கிறார்கள். தலைமை ஆசிரியரோ 'வகுப்பில்தானே இருக்கிறான், உள்ளடக்கிய கல்வி என்றால் அதுதானே' என்று முடித்துவிட்டார். பையனின் பெற்றோர் மருத்துவ மதிப்பீட்டுக்காகக் காத்திருக்கிறார்கள். அவனை வட்டத்தில் உட்கார வைக்க என்ன வழி? இல்லை, இவனுக்கு வேறு இடம்தான் நல்லது என்று பெற்றோரிடம் சொல்லிவிடலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் சின்னது: சொல்லாதீர்கள். அவன் இந்த வகுப்புக்கு ஒத்துவருகிறானா என்றுதான் இதுவரை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வகுப்பு அவனுக்கு ஒத்துவருகிறதா என்று யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை. அதைப் பார்க்காமல் வேறு இடம் பற்றிப் பேசுவது அவசரம். முதல் கேள்விக்கு வந்தால், அவனை உட்கார வைக்கும் வழி என்று ஒன்றை நான் தரப்போவதில்லை. வட்டத்தை மாற்றும் வழி இருக்கிறது. உதவியாளரின் நாற்காலியை நகர்த்தும் வழியும் இருக்கிறது. என் கணக்கில் இரண்டாவதுதான் முக்கியம்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பப் படித்த இடம் மரக்கட்டை. 'நீளவாரியாக' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பொருள்களை நீளப்படி வரிசையாக அடுக்குவது எண்ணறிவுக்கு அடித்தளமான வேலை. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜே, குழந்தைகளிடம் குச்சிகளைக் கொடுத்து இதையே செய்யச் சொல்லிப் பார்த்தவர். சின்னக் குழந்தைகள் பெரிதொன்று, சிறிதொன்று என்று ஜோடி சேர்ப்பதோடு நின்றுவிடுவார்கள். கொஞ்சம் வளர்ந்தபின் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எடுத்து, மாற்றி வைத்து வரிசைக்கு வருவார்கள். உங்கள் பையன் எந்த இடத்தில் இருக்கிறான்? ஒரு கட்டையை வைத்துவிட்டு, பொருந்தாமல் எடுத்து வேறிடத்தில் செருகுகிறானா? நடுவில் ஒன்றை நீங்கள் எடுத்து ஒளித்தால் தேடுகிறானா? இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் கடிதத்தில் இருந்திருக்கும். அவன் எழுந்து போவதைத்தான் எல்லோரும் பார்க்கிறீர்கள், போன இடத்தில் என்ன செய்கிறான் என்பதைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. 22 பேரை வைத்துக்கொண்டு இருக்கும் உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வேலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். (அடுக்குவது அவனுக்கு மனதை அமைதிப்படுத்தும் வழியாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எதுவானாலும் அதைப் பிடுங்கக் கூடாது.)

தலைமை ஆசிரியர் சொன்னதற்கு ஒரு வார்த்தை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் வந்தது. அதன் 24ஆவது பிரிவு கல்வி பற்றியது. அந்தப் பிரிவுக்கு விளக்கமாக 2016இல் ஐ.நா. குழு ஒரு கருத்துரை வெளியிட்டது. அதில் இந்த விஷயத்தைப் பட்டென்று சொல்லியிருக்கிறார்கள்: பாடம், கற்பிக்கும் முறை, ஏற்பாடுகள் எதையும் மாற்றாமல் குழந்தையைப் பொது வகுப்பில் கொண்டுபோய் வைத்தால் அது உள்ளடக்கிய கல்வி ஆகாது. உங்கள் பள்ளி செய்திருப்பது அதுதான். அடுத்த முறை பேச்சு வரும்போது இதைச் சொல்லலாம். சண்டைக்காக வேண்டாம், ஆள் நேரமும் வகுப்பு நேரமும் கேட்பதற்கு இது ஒரு பிடி.

சரி, வட்டத்துக்கு வருவோம்.

பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் ஃபெர்ரே லாவர்ஸ் என்பவர் ஓர் அளவுகோலை உருவாக்கினார். மழலையர் கல்வியில் பல நாடுகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். குழந்தை ஒரு வேலையில் எவ்வளவு ஆழ்ந்திருக்கிறது என்பதை ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பிடுவது. ஒன்று என்றால் ஈடுபாடே இல்லை, வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மூன்று என்றால் ஏதோ செய்கிறது, சின்னச் சத்தம் கேட்டாலும் விட்டுவிடும். ஐந்து என்றால் கூப்பிட்டாலும் காதில் விழாத அளவுக்கு மூழ்கியிருக்கிறது. கண் எங்கே போகிறது, உடம்பு எப்படி இருக்கிறது, தடங்கல் வந்தால் விடுகிறதா தொடர்கிறதா, எவ்வளவு துல்லியமாகச் செய்கிறது என்பவைதான் அடையாளங்கள். குழந்தைக்கு இரண்டு நிமிடம் பார்த்தால் போதும். இதில் எனக்குப் பிடித்தது, அது குழந்தைக்குப் போடும் மதிப்பெண் இல்லை என்பதுதான். எண் குறைவாக வந்தால் நாம் கொடுத்த வேலையையும் சூழலையும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இதை அந்தப் பையனுக்கு மட்டும் செய்யாதீர்கள். ஒரு நாள் காலை உதவியாளர் வட்டத்தை நடத்தட்டும். நீங்கள் மூலையில் உட்கார்ந்து ஐந்தாறு பேரைப் பாருங்கள். பையன், அவனுக்கு எதிர்த் துருவமாக எப்போதும் கையைத் தூக்கும் ஒரு குழந்தை, நடுவில் சத்தமே போடாத மூன்று நான்கு பேர். நான் பார்த்த பல வகுப்புகளில் அந்த நடுக் கூட்டம்தான் ஆச்சரியப்படுத்தும். கால் மடக்கி, கை கட்டி, முகத்தை ஆசிரியர் பக்கம் வைத்திருப்பார்கள். கீழே பார்த்தால் விரல் பாயின் நாரைப் பிரித்துக்கொண்டிருக்கும், அல்லது செருப்புப் பட்டையை ஒட்டிப் பிரித்து ஒட்டிப் பிரித்து நேரத்தை ஓட்டுவார்கள். 'இன்று என்ன கிழமை?' என்றதும் பக்கத்தில் இருப்பவர் வாயைப் பார்த்துச் சேர்ந்து கத்துவார்கள். அளவுகோலில் அவர்களுக்கு இரண்டு கொடுத்தால் அதிகம். மரக்கட்டைக்காரன் நாலரையில் இருப்பான்.

உங்கள் வட்டம் நீளம் என்பதைத்தான் அவன் எழுந்து போய்ச் சொல்கிறான். மற்றவர்கள் எழுந்து போகத் துணியவில்லை, அவ்வளவுதான். நான்கு வயதுக்கு 25 நிமிடம் ஒரே இடத்தில் கேட்டுக்கொண்டிருப்பது அதிகம். அதிலும் கிழமை, தேதி, வானிலை என்று தினமும் ஒரே சடங்கு. நேற்று, நாளை என்பதே குழம்பும் வயதில் தேதியை ஒப்பிப்பதால் காலம் புரிந்துவிடாது. இந்த நாட்காட்டிச் சடங்கு எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை, அதனால் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: எடுத்துவிடுங்கள். வட்டத்தை இரண்டாக உடையுங்கள். காலையில் எட்டு நிமிடம், வீட்டுக்குப் போகும் முன் எட்டு நிமிடம். காலையில் ஒரு பாட்டு, ஒரு பொருள், அன்றைய வேலை. பாட்டு நின்றுகொண்டே. பொருள் என்றால் கையில் எடுத்துத் தடவி அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடிய ஏதாவது. அன்றைய வேலையைப் படமாக ஒட்டிக் காட்டுங்கள்: வட்டம், விளையாட்டு, கை கழுவுதல், சாப்பாடு, வெளியே போவது, வீடு. ஒவ்வொன்றும் முடிந்ததும் படத்தை எடுத்துப் பெட்டியில் போடுவது ஒரு குழந்தையின் பொறுப்பு. முதல் வாரம் அந்தப் பொறுப்பைப் பையனுக்கே கொடுத்துப் பாருங்கள். எதற்கும் ஒரு வரிசை உண்டு என்பது அவனுக்குப் பிடித்த விஷயம்தானே.

எட்டு நிமிடத்திலும் எழுந்தால்? போகட்டும். வட்டத்தின் ஓரத்தில் ஒரு கூடை மரக்கட்டை வையுங்கள். அலமாரி எட்டடி தள்ளி இருப்பதற்கும் கூடை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கட்டையை அடுக்கிக்கொண்டே பாட்டைக் கேட்கும் குழந்தை வட்டத்தில்தான் இருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை என்பதால் கவனிக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

இப்போது அந்தக் கத்தல். 'எல்லாரும் கை கழுவலாம் வாங்க.' உங்கள் வகுப்பில் இது யார் சொல்லும் வசனம், எப்போது சொல்வது என்று யோசித்தீர்களா? அநேகமாக நீங்கள்தான், வட்டமோ கைவேலையோ முடிந்த உடனே. அந்தச் சொற்கள் வந்தால் எல்லோரும் எழுந்துகொள்கிறார்கள், பிடித்த கை விடுகிறது. ஆக, மடியில் இறுக்கிப் பிடித்திருக்கும்போது அவன் அதைச் சொன்னால் என்ன கேட்கிறான்? 'இது முடியட்டும், என்னை விடுங்கள்' என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இப்படிக் கேட்டதைத் திருப்பிச் சொல்வதை ஒரு காலத்தில் பொருளற்ற பழக்கம் என்று அடக்கப் பார்த்தார்கள். பேரி பிரிஸான்ட் போன்ற பேச்சு மொழி வல்லுநர்கள் 1980களில் இதைக் கவனித்து ஆராய்ந்தார்கள். கேட்பது, மறுப்பது, உரையாடலில் தன் முறையை எடுத்துக்கொள்வது, தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்வது என்று திருப்பிச் சொல்வதற்குப் பல பயன்கள் இருப்பதைக் காட்டினார்கள். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, அவன் சொல்லும் வசனம் ஒரு பக்கம், சொன்னபோது என்ன நடந்துகொண்டிருந்தது என்பது மறுபக்கம் எழுதிவாருங்கள். சில நாளிலேயே பாதிக்கு அர்த்தம் கிடைத்துவிடும். அவனுக்குச் சொற்கள் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அவன் நிறையவே சொல்லிக்கொண்டிருப்பதாகப் படுகிறது.

அர்த்தம் கிடைத்ததும் என்ன செய்வது? கத்தியதும் முதலில் பிடியை விடச் சொல்லுங்கள். பிறகு அவன் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டிய வாக்கியத்தை நீங்கள் சொல்லிக் காட்டுங்கள்: 'முடிஞ்சது. போகணும்.' 'சொல்லு பார்க்கலாம்' என்று வற்புறுத்த வேண்டாம். அவன் திருப்பிச் சொல்கிறவன், கேட்டால் எடுத்துக்கொள்வான். கூடவே 'முடிஞ்சது' என்பதற்கு ஒரு பட அட்டை செய்து கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். அட்டையைக் கொடுத்தால் அந்த நிமிடமே விடுவிக்க வேண்டும். 'இன்னும் கொஞ்ச நேரம்' என்று இழுத்தால் அட்டைக்கு மதிப்பு போய்விடும், கத்தல்தான் வேலை செய்கிறது என்று அவன் கற்றுக்கொள்வான்.

அட்டை கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடும் என்று அவன் வீட்டில் பயப்படலாம். பெரும்பாலும் எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, பட அட்டை, கருவி போன்ற மாற்றுத் தொடர்பு வழிகளைப் பயன்படுத்தியவர்களைப் பார்த்தது. யாருக்கும் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. இதைத் தயங்காமல் சொல்லலாம்.

இன்னொன்று, காத்திருப்பது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சை ஒலிப்பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடியாக நீட்டியபோது குழந்தைகளின் பதில் நீண்டது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். உங்கள் பையனுக்கு மூன்று போதாது. மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். அந்தப் பத்து நொடியில் கேள்வியை வேறு சொற்களில் மறுபடி கேட்கக் கூடாது. கேட்டால் அவனுக்கு அது இரண்டாவது கேள்வி. முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

உதவியாளர் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் மற்ற எதையும்விட இதுதான் என்னை உறுத்தியது. அவர் கெட்டவர் என்பதால் இல்லை. பையன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு 'இவனைப் பார்த்துக்கோங்க' என்று சொல்லியிருப்பார்கள், அவரும் மனசாட்சியோடு பார்த்துக்கொள்கிறார். பிரச்சினை அந்த நாற்காலியில் இருக்கிறது.

வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஜியாங்ரெக்கோவும் சக ஆய்வாளர்களும் 1997இல் இதைப் பற்றி எழுதினார்கள். உதவியாளர் எப்போதும் ஒட்டிக்கொண்டே இருந்தால், வகுப்பாசிரியர் 'அவன் என் மாணவன்' என்ற எண்ணத்தை இழக்கிறார், மற்ற குழந்தைகள் ஒதுங்குகிறார்கள், குழந்தை பெரியவரைச் சார்ந்தே பழகுகிறது என்று அவர்கள் கண்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 முதல் 2008 வரை பீட்டர் பிளாட்ச்ஃபோர்ட் தலைமையில் பள்ளிகளில் நடந்த பெரிய ஆய்வில் இன்னும் சங்கடமான விஷயம் தெரிந்தது. உதவியாளரின் துணை அதிகம் கிடைத்த மாணவர்கள், அவர்களைப் போலவே உள்ள, துணை குறைவாகக் கிடைத்த மாணவர்களைவிடக் குறைவாக முன்னேறியிருந்தார்கள். உதவியாளர்களின் திறமைக் குறைவு என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஆசிரியர் தர வேண்டிய நேரத்துக்குப் பதிலாக உதவியாளர் வந்துவிட்டார். வேலையைப் புரிய வைப்பதைவிட முடிக்க வைப்பதில் கவனம் போய்விட்டது. ஆசிரியரோடு உட்கார்ந்து பேச அவருக்கு நேரமே ஒதுக்கப்படவில்லை.

உங்கள் சுவரைப் பாருங்கள். கைவேலைகளை வரிசையாக ஒட்டியிருப்பீர்கள். அவன் பெயர் எழுதிய தாள் மற்ற எல்லாவற்றையும்விடச் சுத்தமாக, கோட்டுக்குள் நிறம் நிரம்பி இருக்கும், இல்லையா? அது உதவியாளரின் படம். கையை மேலிருந்து பிடித்துச் செய்ய வைக்கும்போது குழந்தையின் கை தளர்ந்து கிடக்கும், கண் வேறெங்கோ இருக்கும். அடுத்த முறை கவனித்தால் உங்களுக்கே தெரியும். அந்தக் கையில் எந்தக் கற்றலும் நடக்கவில்லை. அவனாக வைத்த ஒரு கோணல் மாணல் கோட்டை ஒட்டுங்கள். பெற்றோருக்குக் காட்ட அழகாக இல்லையே என்ற கவலை பள்ளிக்கு இருக்கும். அவர்களிடம் கோணல் கோட்டைக் காட்டி 'இது அவனே போட்டது' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

அதனால் நான் கேட்பது ஓர் இடமாற்றம். உதவியாளர் வகுப்புக்கு உதவியாளராகட்டும். தினமும் ஒரு வேளையாவது அவர் மற்ற குழந்தைகளுக்குக் கதை படிக்கட்டும், நீங்கள் பையனோடு தரையில் உட்காருங்கள். வகுப்பில் அதிகப் பயிற்சி உள்ளவர் நீங்கள். அதிகம் தேவைப்படும் குழந்தைக்கு உங்கள் நேரம் போகாமல் இருப்பது தலைகீழ் ஏற்பாடு. மற்ற வேளைகளில் அவர் அவனிடமிருந்து நாலடி தள்ளி, இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பொதுவாக இருக்கட்டும். அவனுக்கு ஏதாவது வேண்டுமென்றால் அவன் வந்து கேட்கவோ காட்டவோ ஒரு தூரம் இருக்க வேண்டும். கேட்பதற்கு முன்பே எல்லாம் கையில் வந்துவிட்டால் பேசுவதற்கு என்ன அவசியம்?

உதவி தேவைப்படும்போதும் ஒரு படிவரிசை உண்டு. முதலில் காத்திருப்பது. வரவில்லையென்றால் விரலால் சுட்டிக் காட்டுவது. அதுவும் போதாவிட்டால் பக்கத்தில் தானும் ஒரு தாளில் செய்து காட்டுவது. அதற்கும் மேல் வேண்டுமென்றால் அவன் கைக்கு அடியில் தன் கையை வைப்பது, பிடிக்காமல். அப்போது அவன் கையை எடுத்துக்கொள்ள முடியும். எடுத்துவிட்டால் விட்டுவிட வேண்டும். மடியில் பிடித்து உட்கார வைப்பதை மட்டும் நாளையிலிருந்தே நிறுத்துங்கள். ஆபத்திலிருந்து காப்பதற்குத் தவிர குழந்தையைப் பிடித்து வைக்க யாருக்கும் காரணம் இல்லை. பாட்டு முடியும்வரை உட்கார வைப்பது ஆபத்து இல்லை.

'அவனுக்கு வராது மிஸ்.' குழந்தைகள் இதைக் கொடுமைக்காகச் சொல்வதில்லை. பார்த்ததைச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரு பெரியவர் செய்து கொடுக்கும் பையனுக்கு எதுவும் வராது என்றுதான் யாருக்கும் தோன்றும். 'அப்படிச் சொல்லக் கூடாது' என்று கண்டித்தால் நிற்கும், ஆனால் எண்ணம் மாறாது. அவனுக்கு வருவது என்னவென்று அவர்கள் பார்க்க வேண்டும். கட்டை அடுக்கும் இடத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு குழந்தையை அனுப்புங்கள். சேர்ந்து விளையாடச் சொல்லாதீர்கள். குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் எழுதியதிலிருந்தே நமக்குத் தெரிந்ததுதான்: தனியாக விளையாடுவதற்கும் கூடி விளையாடுவதற்கும் நடுவே, பக்கத்தில் இருந்து அதே பொருளை வைத்துத் தனித்தனியாக விளையாடும் ஒரு நிலை உண்டு. அந்த நிலைக்கு முதலில் இடம் கொடுங்கள். இருவருக்கும் தனித்தனிக் கூடை, நடுவில் கொஞ்சம் இடைவெளி. சில நாள் கழித்து, ஒருவரால் தூக்க முடியாத நீளமான பலகை ஒன்றைக் கொண்டுவந்து வையுங்கள். அதற்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் வேண்டும். மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். முதல் நாளே நடக்கும் என்று சொல்லவில்லை.

நிறையப் பேர் செய்யும் ஒன்றை நீங்கள் செய்ய வேண்டாம்: நல்ல குழந்தை ஒன்றைத் தேர்ந்து 'நீதான் அவனுக்கு உதவி பண்ணணும்' என்று பொறுப்புக் கொடுப்பது. அந்தக் குழந்தை ஒரு குட்டி உதவியாளராகிவிடும். பையன் திரும்பவும் பராமரிக்கப்படும் ஆளாகிவிடுவான். பொறுப்பு என்றால் எல்லாருக்கும் சுழற்சியில் வரட்டும், அவனுக்கும் சேர்த்து. 'அவன் ஏன் மிஸ் பேச மாட்டேங்கிறான்?' என்று கேட்டால் குரலைத் தாழ்த்தாமல் பதில் சொல்லுங்கள்: 'அவன் இப்போ பேசக் கத்துக்கிட்டிருக்கான். அட்டை காட்டுவான், பாரு.' நான்கு வயதுக்கு அது போதும், அடுத்த நொடி வேறு ஏதாவது கேட்கப் போய்விடுவார்கள்.

மற்ற பெற்றோர் விஷயம். பொது வகுப்பில் சிறப்புத் தேவையுள்ள குழந்தை இருந்தால் மற்றவர் படிப்பு கெடுமா என்பது பலமுறை ஆராயப்பட்ட கேள்விதான். போலந்து ஆய்வாளர்கள் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். மற்ற மாணவர்களின் கற்றலில் பாதிப்பு தெரியவில்லை, லேசான நன்மையே தெரிந்தது. இதைச் சொல்லுங்கள். ஆனால் உங்கள் வகுப்பில் நீங்கள் தினமும் பாதி நேரம் கத்தலைச் சமாளித்துக்கொண்டிருந்தால் அந்தப் பெற்றோர் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கும். புள்ளிவிவரத்தால் அதை மறைக்க முடியாது. அதைச் சரி செய்வது ஏற்பாட்டை மாற்றுவதால்தான். எப்படியானாலும் வாசலில் நின்று அந்தப் பையனைப் பற்றி வேறு பெற்றோரிடம் பேசாதீர்கள். 'எல்லாக் குழந்தைகளைப் பற்றியும் அவரவர் பெற்றோரிடம் மட்டும்தான் பேசுவேன்' என்றால் யாருக்கும் கோபம் வராது. தங்கள் பிள்ளைக்கும் அது பாதுகாப்பு என்று புரியும்.

பையனின் பெற்றோரிடம் பெயர் எதுவும் சூட்டாதீர்கள். என்ன என்று சொல்வது மதிப்பீடு செய்பவரின் வேலை. கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: செவித்திறன் சோதனை ஆகிவிட்டதா? பேச்சு தாமதமான எந்தக் குழந்தைக்கும் முதலில் பார்க்க வேண்டியது அது, திருப்பிச் சொல்கிறான் என்பதால் காது சரியாக இருக்கிறது என்று நாமாக முடிவு கட்ட முடியாது. இன்னொன்றும் கேளுங்கள்: வீட்டில் அவன் எதில் நேரம் போவது தெரியாமல் இருக்கிறான், என்ன வசனங்கள் சொல்கிறான், கோபம் வந்தால் எது அவனை ஆற்றுகிறது? நோட்டின் பாதி இதிலேயே நிரம்பிவிடும். தினமும் கூட்டிப்போக வரும்போது 'இன்னைக்கு இத்தனை தடவை எழுந்தான்' என்று கணக்குச் சொல்லும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அவர்கள் அதைக் கேட்டு என்ன செய்ய முடியும்?

மதிப்பீடு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மேலே சொன்ன எதற்கும் மருத்துவச் சான்று தேவையில்லை. மதிப்பீட்டுக்குப் பிறகு பேச்சுப் பயிற்சியோ, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் செயல்முறைப் பயிற்சியோ வேண்டும் என்றால், உங்கள் வகுப்பில் இருந்துகொண்டே அதையும் பெறலாம். இதுவா அதுவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை பெரும்பாலும் வருவதில்லை. ஏற்பாடுகளை மாற்றி, ஒரு பருவம் முழுக்கப் பார்த்தபிறகும் அவன் நாள் முழுக்கத் தவிக்கிறான் என்றால் அப்போது பெற்றோர், வல்லுநர், நீங்கள் மூவரும் உட்கார்ந்து பேசுங்கள். அப்போது உங்களிடம் நோட்டு இருக்கும். இன்று உங்களிடம் இருப்பது சலிப்பு மட்டும்தான், அந்தச் சலிப்பு நியாயமானதே என்றாலும்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்யப் போகாதீர்கள். மடிப்பிடியை விடுவது, வட்டத்தை எட்டு நிமிடமாக்குவது, இந்த இரண்டோடு தொடங்குங்கள். அட்டை அடுத்த வாரம். முதல் சில நாட்கள் அவன் முன்பைவிட அதிகமாக அலையக்கூடும், பிடி விட்டதைச் சோதித்துப் பார்ப்பான். கதவுப் பக்கம் மட்டும் ஒருவர் நிற்கட்டும்.

தலைமை ஆசிரியரிடம் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: வாரத்துக்கு அரை மணி நேரம், குழந்தைகள் இல்லாத வேளையில், நீங்களும் உதவியாளரும் நோட்டை வைத்துக்கொண்டு பேச. பணம் செலவாகாத கோரிக்கை, மறுப்பது கஷ்டம். ஆனால் வாய்வார்த்தையாக வாங்காதீர்கள், கால அட்டவணையில் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் முதல் விழா ஒத்திகை வந்ததும் காணாமல் போவது அந்த அரை மணி நேரமாகத்தான் இருக்கும்.